கார்டியன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்: டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என ஏதோ ஒன்றோடு பிறந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கும் டெல்லித் தமிழ்ப் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. கந்த சஷ்டியின்போது மலை மந்திர் படிகளில் பார்த்திருப்போம். தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளில், நடுவில் எழுந்து போக வசதியாகக் கடைசி வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பீர்கள். நாங்களும் அந்த வரிசைதான். என் தம்பிக்கு 36 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். மத்திய அரசு வேலையாக இந்த ஊருக்கு வந்து ஆர்.கே. புரம் குடியிருப்பில் எங்களை வளர்த்த அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு 18 வயது நிறைந்த கையோடு, சட்டப்படி அவருக்குப் பாதுகாவலராக ஒருவரை நியமிக்கும் கார்டியன் சான்றிதழை வாங்க ஓடாதீர்கள். அவர் எந்தெந்த விஷயத்தில் யார் யாருடைய துணையோடு முடிவெடுக்கப் போகிறார் என்பதை முதலில் ஒரு தாளில், ஒரு துணை ஒப்பந்தமாக எழுதுங்கள். அதில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கைரேகையானாலும் சரி. கார்டியன் தேவையா என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அந்தக் கேள்வியே எழாமல் போகும்.

பெற்றோர் ஏன் அந்தச் சான்றிதழைத் தேடிப் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வங்கி கேட்கிறது, ஓய்வூதிய அலுவலகம் கேட்கிறது, ஆஸ்பத்திரி கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "வாங்கி வைத்துவிடுங்கள், பின்னால் உதவும்" என்கிறார். எல்லாரும் கேட்கும் ஒரு காகிதத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், நாம் நேஷனல் டிரஸ்ட் என்று சொல்வது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்காக இயற்றப்பட்டது. அதன்படி அமையும் உள்ளூர் நிலைக் குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் இருப்பார்கள். விண்ணப்பித்தால் அந்தக் குழு ஒரு கார்டியனை நியமிக்கலாம். அன்று முதல் வங்கிக் கவுன்ட்டரில் இருந்து மருத்துவர் அறை வரை எல்லாருடைய கண்ணும் கார்டியனின் முகத்துக்கே போகும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் 14ஆவது பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது குழு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்கிறது: இவருக்குக் கார்டியன் தேவைதானா? தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு? முதல் கேள்வியே "தேவைதானா" என்பதுதான். அதற்கு "தேவையில்லை, இதோ எங்கள் ஏற்பாடு" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டும் குடும்பமாக நாம் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கியது ஒரு வங்கியில். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை, வேறு எந்த வங்கியிலும் அதே கதைதான் நடந்திருக்கும். அப்பா விட்டுப்போன பணத்தில் தம்பியின் பங்கை அவன் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சென்றோம். வேலைக்குப் போடும் நீலச் சட்டையை அவனே இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தான். மேஜைக்கு முன் உட்கார்ந்ததும் சட்டைப் பையில் இருந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்து அதிகாரியின் முன் வைத்தான். அவர் அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டார். குறித்த பிறகு அதை என் பக்கமாகத் தள்ளினார். "இவருக்குப் பேச்சு வருமா?" என்று என்னிடம் கேட்டார். தம்பியே பதில் சொன்னான், தெளிவான இந்தியில்: "நான் கேன்டீனில் வேலை செய்கிறேன். சம்பளம் ஏழாம் தேதி வரும்." அதிகாரி அதைக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "கோர்ட்டிலிருந்தோ குழுவிலிருந்தோ கார்டியன் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். விதியைப் பின்பற்றுவதாகத்தான் நினைத்தார். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி கிடைக்கும் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பது உண்மை. சான்றிதழ் இருந்தால் ஏற்கலாம் என்பது, சான்றிதழ் இல்லாமல் கணக்கே கூடாது என்று நடைமுறையில் மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

எங்கே இல்லை என்று சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருந்தே தொடங்கலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் 12ஆவது பிரிவுகூட, ஒருவர் அந்த ஒப்பந்தத்தைச் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தமக்கு அதனால் என்ன விளையும் என்று எடைபோட முடிகிறதா என்றுதான் கேட்கிறது. அந்த நேரம், அந்த ஒப்பந்தம். மருத்துவச் சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்கவில்லை. அடுத்து, ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. இந்தியா அதை 2007 அக்டோபர் 1 அன்று ஏற்று உறுதி செய்தது. அதன் 12ஆவது உறுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாரையும் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது. அந்தத் தகுதியைப் பயன்படுத்தத் துணை தேவைப்பட்டால் அந்தத் துணை கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

இந்தக் கடமையை நம் நாட்டில் சட்டமாக்கியதுதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆவது பிரிவை நான் அச்செடுத்து எங்கள் வீட்டுக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தம் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்கிறது அது. துணை நிற்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தகாத செல்வாக்கைச் செலுத்தக் கூடாது. அவருடைய சுயாதீனத்தையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பண விவகாரத்தில் துணை நிற்பவரின் நலனும் அவருடைய நலனும் மோதினால், அந்த விவகாரத்தில் இருந்து துணைவர் விலகி நிற்க வேண்டும். இன்னும் ஒன்று: தமக்குத் துணை வேண்டாம் என்றோ, வேறொருவர் வேண்டும் என்றோ அவர் எப்போது நினைத்தாலும் அந்த ஏற்பாட்டை மாற்றலாம், கலைக்கலாம். அதற்கு முன்பு மூன்றாம் நபரோடு செய்து முடித்த காரியங்கள் மட்டும் அதனால் செல்லாமல் போகாது.

இதற்குப் பிறகுதான் இதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு வருகிறது, கார்டியனைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் வரையறுக்கப்பட்ட கார்டியன். குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட சூழலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், அதுவும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு இணங்க. வேறு எந்தச் சட்டத்தின்படி முன்பே நியமிக்கப்பட்ட கார்டியனும் இனி இப்படி வரையறுக்கப்பட்ட கார்டியனாகவே செயல்படுவதாகக் கருதப்படுவார் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்ட பெற்றோரே, நீங்களும் இந்த மடலுக்கு வெளியே இல்லை. உங்கள் கையில் இருக்கும் தாள் உங்கள் மகளின் எல்லாக் கையெழுத்துகளையும் உங்களுக்கு எழுதித் தந்துவிடவில்லை.

சட்டத்தை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம், அடுத்த முறை கவுன்ட்டரில் உங்களைத் திருப்பி அனுப்பும்போது இந்தப் பிரிவு எண்கள் வாயில் வர வேண்டும் என்பதுதான். இனி எங்கள் வீட்டுத் தாளுக்கு வருகிறேன்.

தம்பி வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் படிக்கத் தெரிந்தது இந்தி. இந்த ஊரில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான். அதனால் எழுத்தை இந்தியில், பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக வைத்தோம். ஒவ்வொரு பத்தியையும் நான் தமிழில் சொல்லி அவனுடைய போனில் பதிவு செய்து கொடுத்தேன். பல நாள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வியோடு வந்தான்.

துணைவர்களை அவனே தேர்ந்தெடுத்தான். பணத்துக்கு நான். ஆஸ்பத்திரிக்கு நொய்டாவில் இருக்கும் அத்தை மகன். வேலை தொடர்பானவற்றுக்கு கேன்டீன் மேற்பார்வையாளர். நான்காவதாக அவன் சொன்ன பெயரை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை: எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. "அக்காவோடு சண்டை வந்தால் யாரிடம் கேட்பது?" என்றான். எவ்வளவு சரியான கேள்வி! துணை ஒப்பந்தம் எழுதும் எல்லாரும் இப்படி ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. குடும்பத்துக்கு வெளியே, பண விவகாரத்தில் எந்த ஆதாயமும் இல்லாத, பிள்ளை தயங்காமல் போய்ப் பேசக்கூடிய ஒருவர். பெற்றோருக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தினாலும் சேருங்கள்.

ஒவ்வொருவரும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதினோம். பணத்தைப் பற்றி நான் விளக்கலாம், கணக்குப் போட்டுக் காட்டலாம், படிவம் நிரப்ப உதவலாம். அவனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஏ.டி.எம். ரகசிய எண்ணை நான் தெரிந்துகொள்ளலாம், ஆனால் அவன் இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது. குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் செலவென்றால் இரண்டு துணைவர்களிடம் பேசிவிட்டு, ஒரு இரவு கழித்து முடிவு செய்வது என்று அவனே ஒப்புக்கொண்டான். "வேறு ஏதாவது எழுத வேண்டுமா?" என்று கேட்டபோது இரண்டு சொன்னான். என் போனை யாரும் எடுத்துப் பார்க்கக் கூடாது. என் உடம்புக்கு வந்ததை அம்மா எல்லாச் சொந்தக்காரர்களிடமும் சொல்லக் கூடாது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் எழுதினோம். சட்டம் அந்தரங்கம் என்று சொல்வது இதைத்தான்.

வைப்புத்தொகையை எப்படி விளக்கினேன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் "அவனுக்கு எப்படிப் புரியும்" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் பத்து ரூபாய் நோட்டுகளை இரண்டு அடுக்காக வைத்தேன். ஒன்று எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் பணம். மற்றொன்றை ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே அடுத்த ஆண்டின் தேதியை எழுதி ஒட்டினேன். அந்தத் தேதிக்கு முன் திறந்தால் வட்டியில் கொஞ்சம் குறையும் என்று இரண்டு நோட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு அடுக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தவன், "எனக்குப் பல் வலி வந்தால் எந்த டப்பா?" என்று கேட்டான். பிறகு மூடிய டப்பாவில் இருந்து சில நோட்டுகளை எடுத்துத் திறந்த அடுக்கில் சேர்த்தான். பணத்தில் எவ்வளவை முடக்குவது, எவ்வளவை வெளியே வைப்பது என்று அவன் முடிவு செய்த விதம் அதுதான். நானாக இருந்தால் முழுவதையும் முடக்கியிருப்பேன். அவன் செய்தது நியாயமான முடிவு. எனக்குப் பிடித்த முடிவாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

நோட்டரியிடம் போனோம். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் தம்பியிடமே கேட்டார்: "இதில் என்ன எழுதியிருக்கிறது?" தம்பி சொன்னான்: "பணத்தை அக்காவிடம் கேட்பேன். வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்வேன்." நோட்டரி வேறு எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார். இந்த ஒப்பந்தத்துக்கு இவ்வளவு தெளிவான சுருக்கத்தை எந்த வழக்கறிஞரும் எழுதியதில்லை.

வங்கிக்குத் திரும்பப் போனபோது ஒப்பந்தத்தின் நகலையும், 13ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுத்துமூலமாக ஒரு கடிதத்தையும் கொடுத்தோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டோம். கிளை மேலாளர் தம்பியைத் தம் அறைக்குள் அழைத்து உட்கார வைத்துப் பேசினார். கணக்கு திறந்தது. எல்லாக் கிளையிலும் இப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நம் நாட்டில் துணை ஒப்பந்தத்துக்கென்று அரசு வகுத்த படிவம் இல்லை, பதிவேடு இல்லை. சில இடங்களில் போராட வேண்டியிருக்கும். ஆனால் துணை ஏற்பாடு என்பதைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. அந்த ஏற்பாடு என்ன என்று காட்ட எழுத்தில் ஒரு சாட்சி நம் கையில் இருக்க வேண்டாமா?

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள். "ஏமாற்றிவிடுவார்களே" என்பது முதல் கேள்வி. ஏமாற்றுவார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்களையும் தினந்தோறும் போனிலேயே ஏமாற்றுகிறார்கள். கார்டியன் முறை ஏமாற்றைத் தடுக்கிறதா என்று கேளுங்கள். எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் இருக்கும் ஏற்பாட்டில், அந்த ஒருவர் தவறினால் கேட்க ஆளில்லை. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கார்டியன் தர வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை பேரிடம் யாராவது வந்து கேட்டிருக்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நான்கு பேர் அறிந்து நடக்கும் காரியத்தில் நான்கு ஜோடிக் கண்கள் இருக்கின்றன.

"எங்களுக்குப் பிறகு?" இதுதான் உண்மையான கேள்வி, நம் எல்லாரையும் இரவில் தூங்கவிடாத கேள்வி. இதற்குத்தான் கார்டியன் என்று நினைக்கிறோம். ஆனால் கார்டியனாகப் பெயர் எழுதப்படுவது பெரும்பாலும் அப்பா அல்லது அம்மாதான். அவர்களுக்கு வயது எழுபது. இல்லாவிட்டால் அண்ணன். அவன் டல்லஸிலோ பெங்களூரிலோ இருக்கிறான். ஒரே ஒரு ஆளை நம்பிக் கட்டிய ஏற்பாடு, அந்த ஆள் போனதும் விழுந்துவிடும். துணை ஒப்பந்தத்தில் ஒருவர் போனால் மூவர் இருக்கிறார்கள். போனவருக்குப் பதிலாக இன்னொருவரைப் பிள்ளையே சேர்க்கலாம். என் தம்பி அதையும் செய்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அத்தை மகன் டாக்டரிடம் பேசாமல் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லி, அவரை மாற்றி என் கணவரைச் சேர்த்துக்கொண்டான். அத்தை மகனுக்கு வருத்தம்தான். ஆனால் துணைவர்களைப் பற்றி இப்படி ஒரு கருத்துச் சொல்லி, அதைச் செயலிலும் காட்டத் தெரிந்த ஒருவனை, எங்களுக்குப் பிறகு என்ன ஆவானோ என்று நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

அரசு ஊழியர் குடும்பங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தை யார் மூலமாகப் பெறுவது என்று பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே நியமனம் செய்ய மத்திய அரசு ஓய்வூதிய விதிகள் இடம் தருகின்றன. இதை இந்த மாதமே செய்யுங்கள். செய்துவிட்டால், கார்டியன் தேடிப் போவதற்கான காரணங்களில் பெரியது ஒன்று தீர்ந்துவிடும்.

"என் மகளுக்குப் பேச்சே இல்லை, எதுவும் புரியாது" என்று சொல்லும் தாய்மார்களுக்கு நான் அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒருவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவரா என்று பார்க்கும்போது, அவர் தம் விருப்பு வெறுப்பை ஏதாவது ஒரு வகையில் வெளிப்படுத்துகிறாரா, துணை நிற்பவரோடு அவருக்கு நம்பிக்கையான உறவு இருக்கிறதா என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. உங்கள் மகள் வேண்டாத சோற்றைத் தள்ளுகிறாள். பிடித்தவர் வந்தால் முகம் மலர்கிறாள். குறிப்பிட்ட ஒரு நர்ஸைக் கண்டால் உடம்பை விறைத்துக்கொள்கிறாள். இவை எல்லாம் முடிவுகள்தான். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றால், இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள், எழுதி வையுங்கள். இதற்கும் மேலே, வீடு விற்பது போன்ற ஒரு காரியத்துக்குக் கார்டியன் கட்டாயம் வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் காரியத்துக்கு மட்டும், அது முடியும் வரைக்கும் மட்டும் கேளுங்கள். முழுமையான துணை தேவைப்படுவோருக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் துணை எந்த அளவில், எந்த முறையில் என்பதை நீதிமன்றமோ அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியோ மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மகள்களைப் பெற்றவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 1994இல் புணே அருகே ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்குச் சுத்தம் சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணம். நாடே கொதித்தது. இன்றைக்கும் "எடுத்துவிட்டால் நல்லது" என்று குடும்பத்தாரிடம் காதோடு காதாகச் சொல்லும் உறவினரை நான் கேட்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் கருத்தரிக்க முடியாதபடி செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. 2009இல் சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த ஒரு பெண்ணின் வழக்கில், உயர் நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்ட பிறகும், அவளுடைய சம்மதம் இல்லாமல் அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. லேசான அறிவுசார் குறைபாடுள்ள அந்தப் பெண், தனக்குக் குழந்தை வேண்டும் என்றாள். மூவர் அமர்வில் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவமும் இருந்தார். கையெழுத்தை மொத்தமாக ஒருவரிடம் எழுதிக் கொடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்தில் அவள் உடம்பும் அடங்கியிருக்கிறது.

உலகம் எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் 2015இல் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பெரு 2018இல் மாற்றுத்திறனாளிகளுக்கான கார்டியன் முறையை விட்டுத் துணை முறைக்கு மாறியது. அயர்லாந்து 2015இல் இயற்றிய சட்டத்தை 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம்மிடம் 2016இலேயே சட்டம் இருக்கிறது. இல்லாதது அதைக் கையில் எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போகும் குடும்பங்கள்.

அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தங்கள் சட்டத் தகுதியைப் பயன்படுத்தத் துணை நிற்கும்படி சமூகத்தைத் திரட்டவும் விழிப்புணர்வு உண்டாக்கவும் அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. திரட்டப்பட வேண்டிய சமூகம் என்றால் நாம்தான். டெல்லியில் நமக்குச் சங்கம் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வங்கி மேலாளர்களும் வழக்கறிஞர்களும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் அறுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு துணைவராக மாதத்தில் ஒரு மாலையைக் கொடுக்க இவர்களால் முடியும்.

சங்க நிர்வாகிகளிடமும் கோயில் அறங்காவலர்களிடமும் நான் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபம், நாற்காலிகள். உங்கள் மாவட்ட உள்ளூர் நிலைக் குழு உறுப்பினர் ஒருவரையும், அந்தப் பகுதி வங்கிக் கிளை ஒன்றின் மேலாளரையும் நீங்கள் அழைத்தால் வருவார்கள், நாங்கள் அழைத்தால் யோசிப்பார்கள். நாங்கள் எழுதிய ஒப்பந்தத்தில் இருந்து சொந்த விவரங்களை நீக்கி, இந்தியில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக மாதிரிப் படிவம் தயாராக வைத்திருக்கிறேன். தம்பியைக் கேட்டேன். காட்டலாம் என்றான். நோட்டு அடுக்குகளை வைத்து விளக்குவதைத் தானே செய்து காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறான்.

பெற்றோரிடம் கேட்பது இரண்டு. அன்றைக்கு வரும்போது பிள்ளையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வராதீர்கள், அழைத்து வாருங்கள். வருவதற்கு முந்தைய நாள் அவரிடம், "உனக்கு உதவி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பாய்?" என்று கேளுங்கள். சொல்லும் பெயரை, அது உங்கள் பெயராக இல்லாவிட்டாலும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
ஓர் அக்கா
ஆர்.கே. புரம், புது டெல்லி